மறு ஆய்வுக்கு வரலாம்

ஜனவரி 3, புதன்

முப்பத்தொரு வருடம் மில்லில் துணி சோதித்த கண் இது. ஓடுகிற துணியில் ஒரே ஒரு இழை விட்டுப்போயிருந்தாலும் கையைத் தூக்கி மிஷினை நிறுத்துவேன். மில்லில் எனக்குத்தான் ஓய்வு கொடுத்தார்கள், என் கண்ணுக்கு இல்லை.

இன்று முதல் தினமும் எழுதுவதாக உத்தேசம். இன்னும் முப்பத்திரண்டு நாள்தான் இருக்கிறது.

எங்கள் குழுவில் இருபது ஆண்கள். பேங்க் கேஷியர், பேக்கரிக்காரர், பஞ்சர் கடைக்காரர், தபால் ஆபீசில் ஓய்வு பெற்ற என் வீட்டுக்காரர் ராமலிங்கம் எல்லாரும் உண்டு. 1944இல் பர்மா எல்லையில் நின்ற மதராஸ் பட்டாளத்துக் காலாட்படைச் சிப்பாய்களைப் போல உடுத்தி, அவர்களைப் போலவே அணிவகுத்துக் காட்டுகிறோம். இதை யாராவது வேஷம் என்று சொன்னால் எனக்குக் கெட்ட கோபம் வரும். நாடகத்துக்குத் தூரத்தில் நன்றாகத் தெரிந்தால் போதும். எங்களுக்கு உள்தையலும் சரியாக இருக்க வேண்டும். அதைச் சோதிக்கிறவள் நான். நாற்பத்தொரு விதி எழுதி வைத்திருக்கிறேன்.

பிப்ரவரி 4 அன்று சூலூர் பக்கம் மரபுப் படை விழா. வாசலிலேயே நடுவர்கள் தையல், பொத்தான், தோல், இரும்பு எல்லாவற்றையும் சோதிப்பார்கள். தேறினால்தான் களத்தில் இறங்கலாம். போன வருடம் எங்களை வாசலோடு திருப்பி அனுப்பிவிட்டார்கள். பேக்கரி சண்முகவடிவேல் பெல்ட்டுக்கு அடியில் இந்தக் காலத்து வெல்க்ரோ ஒட்டுப்பட்டி வைத்திருந்தார். நடுவர் இழுத்ததும் கிர்ரென்று ஒரு சத்தம். ஒரு வருட உழைப்பு அந்தச் சத்தத்தில் போனது. இந்த வருடமும் அப்படி ஆனால் குழு கலைந்துவிடும். எனக்கும் வீட்டில் உட்கார்ந்து கோலப் புத்தகம் பார்ப்பதைத் தவிர வேறு வேலை இருக்காது.

ஆனால் ஆகாது. என்னிடம் படம் இருக்கிறது.

பழைய ஞாபகார்த்த மலர் ஒன்றில் நான் கண்டெடுத்த படம். ஏழு சிப்பாய்கள் ஒரு மரத்தடியில் நிற்கிறார்கள். தண்ணீர்க் குடுவை வலது இடுப்பில், துப்பாக்கிமுனைக் கத்தியான பயனெட் இடது இடுப்பில் என்று புத்தகங்களில் போட்டிருக்கும். இந்தப் படத்தில் அப்படியே நேர்மாறு. தொப்பியின் விளிம்பை மடித்திருப்பதும் வலப்பக்கம். சட்டையில் காஜாவும் வலப்பக்கம். ஒருத்தன் தப்பாக மாட்டியிருக்கலாம், ஏழு பேருமா மாட்டுவார்கள்? ஆக, இது அந்தப் பட்டாளத்தின் தனி வழக்கம். இத்தனை வருடம் யார் கண்ணிலும் படாதது என் கண்ணில் பட்டது. விழாக் குழுவுக்குப் படத்தோடு மூன்று பக்கம் எழுதி அனுப்பினேன். ஏற்றுக்கொண்டதாகப் பதிலும் வந்துவிட்டது.

ஜனவரி 5, வெள்ளி

டெய்லர் ஜமால் பாய் கடைக்குப் போனேன். மிச்சம் ஆறு சட்டை. காட்டுப்பச்சைத் துணி சென்னிமலையில் சொல்லி நெய்து, ஈரோட்டில் சாயம் போட்டது. இரண்டு மாதம் ஆனது. ஒரு முழம்கூட மிச்சமில்லை.

"மேடம், மறுபடியும் கேக்கறனேன்னு கோச்சுக்காதீங்க. வலப்பக்கம் காஜா எடுத்தா அது லேடீஸ் சட்டைங்க" என்றார்.

"பாய், இது பட்டாளத்துச் சட்டை."

"பட்டாளத்துலயும் ஆம்பளைங்கதானுங்களே இருந்தாங்க?"

படத்தைக் காட்டினேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். "என்னமோங்க" என்று சொல்லிவிட்டுக் காஜா எடுக்க உட்கார்ந்தார். நாற்பது வருடம் ஒரே மாதிரி தைத்த கை, புதிதாக எதையும் ஏற்காது.

ஜனவரி 7, ஞாயிறு

முதல் முழு ஆய்வு. பள்ளி மைதானத்தில் காலை ஏழரைக்கு வரிசையில் நிறுத்தினேன். கேஷியர் கையில் டிஜிட்டல் வாட்ச், தேறவில்லை. ஒருவர் தலையில் கறுப்புச் சாயம் வெயிலில் நீலமடித்தது, தேறவில்லை. என் வீட்டுக்காரர் மூக்கில் டைட்டானியம் கண்ணாடி. கண்ணடித்துப் பார்த்தார். அவரும் தேறவில்லை. ஒவ்வொருவருக்கும் சீட்டு எழுதிக் கொடுத்தேன். பெயர், பொருள், முடிவு. தேறாதவர் என்றால் கடைசியில் என் வழக்கமான வரி: மறு ஆய்வுக்கு வரலாம்.

பஞ்சர் கடை மயில்சாமியிடம்தான் தகராறு. பதினேழு வருடம் ராணுவத்தில் இருந்துவிட்டு வந்து ஒண்டிப்புதூரில் கடை வைத்திருக்கிறார். எல்லாவற்றையும் தன் இஷ்டத்துக்கு மாட்டிக்கொண்டு வந்திருந்தார். குடுவை வலப்பக்கம், பயனெட் இடப்பக்கம். சட்டையைக்கூட ஜமால் பாயிடம் தனியாகச் சொல்லி இடப்பக்கம் காஜா எடுத்திருக்கிறார்!

"மேடம், தப்பா நெனைக்காதீங்க. பயனெட்டை வலக்கையில உருவோணும். அப்ப அது இடப்பக்கந்தானுங்க தொங்கோணும்" என்றார்.

"உங்க பட்டாளம் வேறங்க, நாப்பத்திநாலு வேற. படம் என்ன சொல்லுதோ அதுதான்."

"படம் சொல்லுதுங்க. கை சொல்லலீங்களே."

பத்தொன்பது பேரும் சிரித்துவிட்டார்கள். என் நாற்பத்தொரு விதியும் அந்தச் சிரிப்பில் ஆடிப்போயின. "பஞ்சர் ஒட்டறது வேற, சரித்திரம் வேற" என்று சொன்னேன். சிரிப்பு நின்றது. வழக்கம்போலச் சீட்டு எழுதி நீட்டினேன். வாங்கிப் பார்த்தார், மடித்துப் பையில் வைத்தார், "சரீங்க" என்று சொல்லிவிட்டு சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

ஒழுங்கு என்றால் ஒழுங்கு.

ஜனவரி 8, திங்கள்

மயில்சாமி குழு வாட்ஸப்பிலிருந்து விலகிவிட்டார். நல்லது.

ஜனவரி 15, திங்கள்

பொங்கல். பால் கிழக்கே பொங்கியது. நேற்றைய ஆய்வில் பதினாறு பேர் தேறினார்கள்.

ஜனவரி 21, ஞாயிறு

பத்தொன்பது பேரும் தேறிவிட்டார்கள். சட்டையில் ஒரு பாலியஸ்டர் இழைகூடக் கிடையாது. பார்க்கப் பார்க்க எனக்கே கர்வமாக இருந்தது.

ஒரே ஒரு குறை. 'கத்தி மாட்டு' என்று கட்டளை கொடுத்தால் வலது இடுப்பிலிருந்து வலது கையால் உருவ முடியாமல் எல்லாரும் முதுகு சொறிகிறவர்கள் மாதிரி நெளிகிறார்கள். கேஷியர் முழங்கையால் பக்கத்து ஆளின் விலாவில் இடித்துவிட்டார். பழக்கமில்லை, அவ்வளவுதான். அந்தக் காலத்து ஆட்களுக்கு உடம்பு வளைந்து கொடுத்திருக்கும்.

மயில்சாமி இடம் காலியாக இருந்தது. வழக்கமாகக் கட்டளை கொடுப்பவர் அவர்தான், இன்று என் வீட்டுக்காரர் கொடுத்தார். தபால் ஆபீசில் டோக்கன் நம்பர் கூப்பிடுகிற குரல்.

ஜனவரி 27, சனி

ஊட்டியில் பழம்படங்கள் சேகரிக்கிற ஒருவரிடம் என் படத்தின் பெரிய பிரதி இருப்பது தெரிந்து, போன மாதம் கேட்டிருந்தேன். இன்று வந்துவிட்டது. மலரில் ஓரங்களை வெட்டித்தான் போட்டிருக்கிறார்கள். இதில் முழுசாக இருக்கிறது. மரத்தின் மறுபக்கம் இன்னும் நாலு சிப்பாய்கள் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். பொத்தானில் எத்தனை துளை என்று எண்ணலாம், அவ்வளவு தெளிவு. நாலு துளை. நான் சொன்னதும் நாலுதான். சட்டம் போட்டுச் சாப்பாட்டு மேஜைக்கு எதிரே மாட்டினேன்.

ஜனவரி 29, திங்கள்

மதியம் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். பருப்பு, ரசம், கத்திரிக்காய்ப் பொரியல். இவர் ரசத்தைப் பிசைந்தபடி படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏன் நாயகி, இவனுங்க ஏன் பீச்சாங்கையில சாப்பிடறானுங்க?"

"போர்முனைங்க. எந்நேரமும் துப்பாக்கியை எடுக்கோணும். வலக்கையைச் சும்மா வெச்சுக்கோணும்னு அந்தப் பட்டாளத்துல ஒரு வழக்கம்..."

"நாலு பேருமா?"

"நாலு பேரும்னா என்னங்க, பட்டாளம்னா எல்லாரும் ஒரே மாதிரி..."

சொல்லிக்கொண்டிருக்கும்போதே என் வாய் நின்றுவிட்டது. என் வலது கையில் ரசம் சாதம். எதிரே நாலு தமிழ்ப் பையன்கள், நாலு பேரும் இடது கையால் பிசைந்து வாயில் வைக்கிறார்கள். அம்மா பார்த்திருந்தால் முதுகிலேயே ஒன்று வைத்திருப்பாள்.

எழுந்து போய் அலமாரியில் இருந்த முகம் பார்க்கும் கண்ணாடியை எடுத்துவந்து படத்துக்கு எதிரே பிடித்தேன்.

கண்ணாடியில் எல்லாரும் வலது கையால் சாப்பிட்டார்கள். குடுவை வலது இடுப்பில். பயனெட் இடது இடுப்பில். தொப்பி மடிப்பு இடப்பக்கம். காஜா ஆம்பளைச் சட்டையில் இருக்கிற பக்கம். யாரோ எப்போதோ நெகட்டிவைத் திருப்பிப் போட்டுப் படத்தை அச்சிட்டிருக்கிறார்கள். தனி வழக்கமாம், தனி வழக்கம்! மூன்று பக்கம் எழுதினேனே!

இவர் என் தட்டில் கொஞ்சம் பொரியல் வைத்தார்.

ஜனவரி 30, செவ்வாய்

ஒன்றும் எழுதத் தோன்றவில்லை.

ஜனவரி 31, புதன்

ஜமால் பாயிடம் போனேன். சட்டைகளைத் திருத்த முடியுமா என்று மட்டும் கேட்டேன். ஒரு சட்டையை உள்பக்கம் திருப்பிப் பார்த்தார்.

"பழைய காஜாவ அடைச்சா தழும்பு தெரியுங்க. முன்பட்டி ரெண்டையும் மாத்தினாத்தான் ஆகும். அதுக்குத் துணி வேணும்."

துணி இல்லை. நெய்து சாயம் போட இரண்டு மாதம். விழாவுக்கு நாலு நாள்.

விழாக் குழுத் தலைவருக்குப் போன் செய்து, என் ஆதாரம் தவறு, வாபஸ் வாங்குகிறேன் என்றேன். அவர் சிரித்தார். "நாங்கதான் ஒத்துக்கிட்டமே அம்மா. நடுவருங்க உங்க படத்தை வெச்சுத்தான் பாப்பாங்க. பேசாம அப்படியே வாங்க."

போனை வைத்தேன். பேசாமல் போகலாம்தான். நடுவர்கள் படத்தைப் பார்ப்பார்கள், சட்டையைப் பார்ப்பார்கள், பொருந்தும், தேறிவிடுவோம். கைதட்டுவார்கள்.

மில்லில் ஒரு முறை, நான் முத்திரை போட்ட பிறகு ஒரு துணியில் பிசகைப் பார்த்தேன். நானே போய் முத்திரையைக் கிழித்தேன். அன்றைக்கு அது எளிதாக இருந்தது. இன்றைக்கு இல்லை, ஏனென்றால் அந்தத் துணியை வைத்து நான் யாரையும் அவமானப்படுத்தவில்லை.

ஏழாம் தேதிப் பக்கத்தில் 'வழக்கம்போலச் சீட்டு எழுதி நீட்டினேன்' என்று எழுதியிருக்கிறேன். பொய். மயில்சாமி சீட்டில் 'தேறவில்லை' என்று மட்டும் எழுதினேன். 'மறு ஆய்வுக்கு வரலாம்' என்ற இரண்டாவது வரியை எழுதவில்லை. மறக்கவில்லை. வேண்டுமென்றேதான் விட்டேன்.

பிப்ரவரி 1, வியாழன்

சும்மா போய் நிற்க வெட்கமாக இருந்தது. ஸ்கூட்டியின் பின் சக்கரக் காற்றை நானே இறக்கிவிட்டு ஒண்டிப்புதூருக்குத் தள்ளிக்கொண்டு போனேன். வெயில் மண்டையைப் பிளந்தது.

மயில்சாமி டியூபைக் கழற்றித் தண்ணீர்த் தொட்டியில் முக்கி ஒரு சுற்றுச் சுற்றினார். ஒரு குமிழிகூட வரவில்லை.

"பஞ்சர் இல்லீங்க மேடம். யாரோ காத்தைத் தொறந்து உட்டிருக்காங்க."

"நான்தாங்க."

நிமிர்ந்து பார்த்தார். சொல்லிவிட்டேன். படம், ரசம், கண்ணாடி எல்லாம். நீங்கள் சொன்னதுதான் சரி, நான் சொன்னது தப்பு, உங்கள் தொழிலை இழுத்துப் பேசியது அதைவிடப் பெரிய தப்பு என்று. அவர் கைகளைத் துடைத்துக்கொண்டு மேஜை டிராயரைத் திறந்து என் சீட்டை எடுத்தார். மடிப்பில் கிரீஸ் கறை.

"பயனெட்டு இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ, அதுக்கெல்லாம் நான் சண்டை போடுலீங்க. எனக்குப் பக்கத்துல நின்னவனுக்கு ரெண்டு வரி. எனக்கு ஒரு வரி. பட்டாளத்துலகூட என்னை யாரும் அப்பிடி வெளிய அனுப்புனதில்லீங்க."

என் கண் கலங்கிவிட்டது. அதற்கு அவர் இரங்கவில்லை.

"பரேட்ல வெச்சுத்தானே சொன்னீங்க? பரேட்லயே சொல்லுங்க. நான் வர்றேன்."

டியூபை மாட்டிக் காற்றடித்து அனுப்பினார்.

பிப்ரவரி 2, வெள்ளி

சாயங்காலம் ஐந்தரைக்கு அவசரமாக எல்லாரையும் வரச் சொன்னேன். வேலையிலிருந்து, கோயிலிலிருந்து, வெள்ளிக்கிழமை விரதத்திலிருந்து என்று வந்த கோலத்திலேயே வந்திருந்தார்கள். பெரும்பாலும் வேட்டி. மயில்சாமி மட்டும் முழுச் சீருடையில் வந்து ஓரமாக நின்றார்.

படத்தையும் கண்ணாடியையும் எடுத்துக்கொண்டு வரிசைக்கு முன்னால் போனேன். சுற்றி வளைக்கவில்லை. "நான் வெச்ச தரம் தப்பு. இங்க இருக்கிறதுல மயில்சாமி சட்டை ஒண்ணுதான் சரி. அவரை எல்லார் முன்னாலயும் பேசக்கூடாதது பேசினேன். மன்னிச்சுக்குங்க மயில்சாமி" என்றேன்.

சண்முகவடிவேல்தான் முதலில் கத்தினார். "மூணு தடவை பிரிச்சுத் தெச்சமுங்க மேடம்! காலர் கால் இஞ்சு இறங்குச்சுன்னு என்னை நாலு மணிக்கு எழுப்பி உட்டீங்க!"

"ஆமாங்க."

"நடுவருங்களே ஒத்துக்கிட்டாங்கல்ல, அப்பிடியே போலாமே?" என்றார் கேஷியர்.

"போலாம். அப்பச் சரியான சட்டை போட்ட மயில்சாமியை எந்தப் பக்கம் நிறுத்தட்டும்?" என்று கேட்டேன். கேஷியர் மயில்சாமியின் காஜாவைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.

அப்போது என் வீட்டுக்காரர் மெதுவாகச் சொன்னார். "நான் தெனமும் பாத்த படம்டா அது. எனக்கும் சோறு திங்கறப்பத்தான் தெரிஞ்சுது." யாரோ சிரித்தார்கள். அது பரவியது. சண்முகவடிவேல்கூடத் தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார்.

அப்போதுதான் பார்த்தேன். வேட்டியும் வெள்ளைச் சட்டையுமாக, கூட்டமும் இல்லாமல் வரிசையும் இல்லாமல் பத்தொன்பது பேர். எதிரே சீருடையில் ஒரே ஒருத்தர், விறைப்பாக. சீருடை கைக்கு வருவதற்கு முதல் நாள், ஊரிலிருந்து வந்து இறங்கிய புது ஆட்கள் இப்படித்தானே நின்றிருப்பார்கள்!

"நவுராதீங்க! அப்பிடியே நில்லுங்க! யாரும் நவுரக்கூடாது!" என்று கத்தினேன். பயந்துபோய் எல்லாரும் நின்றார்கள்.

பிப்ரவரி 3, சனி

வேட்டி ஆய்வு. சீருடை வாங்காத புது ஆட்களாகப் பத்தொன்பது பேர், பழக்குகிறவராக மயில்சாமி என்று விழாக் குழுவுக்குக் காலையிலேயே தகவல் கொடுத்துவிட்டேன். வாசலில் பார்த்துத்தான் முடிவு சொல்வோம் என்றார்கள். பார்க்கட்டும்.

பாலியஸ்டர் கலந்த வேட்டி மூன்று, கழற்றச் சொன்னேன். இடுப்பில் எட்டிப் பார்க்கிற எலாஸ்டிக், கூடாது. பிளாஸ்டிக் மணி கோத்த கைக்கயிறு, கூடாது. செருப்பு கிடையாது, வெறுங்கால். சண்முகவடிவேல் இடுப்பில் சந்தேகம் வந்து வேட்டியைப் பிடித்து இழுத்தேன். கிர்ரென்றது. ஒட்டிக்கிற வேட்டி! போன வருடம் பட்டும் இந்த மனுஷனுக்குப் புத்தி வரவில்லை. மைதானமே விழுந்து விழுந்து சிரித்தது.

"தேறவில்லை. மறு ஆய்வுக்கு வரலாம்" என்று எழுதிக் கொடுத்தேன். அரை மணியில் என் வீட்டுக்காரருடைய பழைய கதர் வேட்டியைக் கட்டிக்கொண்டு வந்தார்.

மயில்சாமி ஒரு யோசனை சொன்னார். வலது இடது தெரியாத ஆட்களுக்கு அந்தக் காலத்தில் ஒரு காலில் ஓலையும் மறு காலில் சீலைத் துணியும் கட்டி 'ஓலைக்கால், சீலைக்கால்' என்று நடக்கப் பழக்குவார்களாம்.

"நாப்பத்திநாலுல அப்பிடிச் செஞ்சதுக்கு ஆதாரம் இருக்குங்களா?"

"படம் வேணுங்களா மேடம்?"

எல்லாரும் என் முகத்தைப் பார்த்தார்கள். "ஆதாரம் இல்லீன்னா கூடாது" என்றேன்.

"இப்பத்தான் நீங்க நீங்களா இருக்கீங்க" என்று சிரித்துக்கொண்டே ஓலையைத் தூக்கிப் போட்டார்.

பிப்ரவரி 4, ஞாயிறு

வாசலில் நடுவர் ஒருவர், கையில் பூதக்கண்ணாடி. மயில்சாமியைத் தொப்பியிலிருந்து பூட்ஸ் வரை இருபது நிமிடம் பார்த்தார். காஜாவை விரலால் தடவினார். தலையாட்டினார். பிறகு வேட்டிக்காரர்களைப் பார்த்து முகம் சுளித்தார்.

"இது எந்தப் பட்டாளம்?"

"இன்னும் பட்டாளம் ஆகலீங்க. நாளைக்குத்தான் சட்டை குடுப்பாங்க" என்றேன்.

ஒவ்வொருவராகப் பார்த்தார். நெசவைப் பார்த்தார். காது மடலில் கடுக்கன் துளையைக்கூடப் பார்த்தார். சண்முகவடிவேலின் வேட்டியை இழுத்தார். எனக்கு உயிரே போய்விட்டது. வேட்டி வேட்டியாகவே இருந்தது.

"உள்ள போங்க" என்றார்.

எங்களுக்கு முன்னால் போன குழுக்கள் விறைப்பாக நடந்து விறைப்பாகத் திரும்பின. எங்கள் ஆட்கள் மந்தை மாதிரி உள்ளே போனார்கள். கூட்டத்தில் சிரிப்பு. அப்போது மயில்சாமி வாயைத் திறந்தார். அந்தக் குரல் மைதானத்தின் மறு கோடியில் போய் இடித்தது. பத்தொன்பது முதுகுகளும் நிமிர்ந்தன. வலப்பக்கம் திரும்பச் சொன்னார். ஏழு பேர் இடப்பக்கம் திரும்பினார்கள். நடிப்பு இல்லை, நிஜமாகவே. மறுபடி சொன்னார். நாலு பேர். மறுபடி. என் வீட்டுக்காரர் மட்டும். மறுபடி.

நாலாவது தடவை பத்தொன்பது பேரும் ஒன்றாகத் திரும்பினார்கள். சிரித்துக்கொண்டிருந்த கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. நான் கைதட்டவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

மதியம் பந்தலில் இலை போட்டார்கள். எனக்கு எதிரே மயில்சாமி. "மேடம், எந்தக் கைன்னு தெரியுமில்லீங்க?" என்றார். சண்முகவடிவேலுக்குப் புரை ஏறிவிட்டது.

இலையை எடுக்கும்போது சட்டைப் பையிலிருந்து ஒரு சீட்டை எடுத்து நீட்டினார். என் சீட்டுப் புத்தகத்தில் கிழித்ததுதான், என் வீட்டுக்காரர் எடுத்துக் கொடுத்திருக்க வேண்டும். பெரிய பெரிய எழுத்து.

பெயர்: தெய்வநாயகி. பொருள்: கண். முடிவு: தேறவில்லை.

அதற்குக் கீழே இரண்டாவது வரி. மறு ஆய்வுக்கு வரலாம்.

அந்த வரியை வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் படித்தேன். வருகிற ஞாயிறு காலை ஏழரைக்குப் பள்ளி மைதானத்துக்கு வரச் சொல்லியிருக்கிறார். போகிறேன்.